வாக்காளர் மனமும் கட்சிப்பற்றும்
அமெரிக்க ஆராய்ச்சிகள் காட்டும் உண்மை

பாடசாலைகளிற் குடியியல் கற்பிக்கும் ஆசிரியர், வாக்காளனைப் பற்றி மாணவருக்கு ஒரு சித்திரம் தீட்டிக் காட்டுவது வழக்கம். அச்சித்திரத்தில் வாக்காளன் ஒரு நீதிபதியைப் போல வீற்றிருக்கிறான். கட்சியார் அவன்முன் வந்து தத்தம் கொள்கைகளை எடுத்துரைக்கின்றனர். அவன் இருபுற வாதங்களையும் செவிமடுத்து, நாட்டின் நன்மையைச் சீர்தூக்கிப் பார்த்து, தேர்தல் நாளன்று தன் தீர்ப்பை வாக்குச்சீட்டிற் பதிக்கிறான். சனநாயகத்தைப் போற்றி எழுந்த பழைய நூல்கள் பலவற்றுக்கு அடிப்படையாக அமைந்தது இச்சித்திரமே.

இது உள்ளவாறு வரையப்பட்டதா? அன்றி, இவ்வாறு இருத்தல் வேண்டும் என்னும் நம் ஆசையின் நிழலா? இவ்வினாவுக்கு ஊகத்தால் விடை கூறாது, வாக்காளரின் வீடுகளுக்கே சென்று வினவி விடை காண முயன்றோருள் முதன்மை பெற்றவர் அமெரிக்க அறிஞர். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் நடத்திவரும் ஆராய்ச்சிகளின் முடிவுகள், சனநாயகத்தில் நம்பிக்கையுடையோரைச் சற்றே திடுக்கிடச் செய்வன. எனினும், கசப்பான உண்மையை அறிந்து நடப்பவனே இனிய பொய்யை நம்பி நடப்பவனிலும் பாதுகாப்பானவன். ஆதலின் அம்முடிவுகளை இங்கு ஒருவாறு தொகுத்து நோக்குவோம்.

ஒரு சஞ்சிகையின் வீழ்ச்சி

1936 ஆம் ஆண்டில் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. சனநாயகக் கட்சியின் சார்பிற் பிராங்ளின் றூஸ்வெல்ட்டும், குடியரசுக் கட்சியின் சார்பில் அல்பிரட் லான்டனும் போட்டியிட்டனர். முந்திய தேர்தல்கள் பலவற்றின் முடிவைச் சரியாக முன்கூறிப் புகழ்பெற்றிருந்த 'லிட்டரரி டைஜெஸ்ட்' என்னும் சஞ்சிகை, ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடை அனுப்பினர். லான்டனே வெல்வார் எனச் சஞ்சிகை அறிவித்தது. நடந்ததோ வேறு. அன்றிருந்த 48 மாநிலங்களில் 46 இல் றூஸ்வெல்ட் வெற்றி பெற்றார்.

சஞ்சிகை பிழைத்தது ஏன்? அது பயன்படுத்திய பெயர்களிற் பெரும்பாலானவை தொலைபேசி நூல்களிலிருந்தும் மோட்டார்க் கார் உரிமையாளர் பட்டியல்களிலிருந்தும் பெறப்பட்டவை. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய அக்காலத்திற் காரும் தொலைபேசியும் வசதி படைத்தோர் வீட்டுப் பொருள்கள். மேலும், சிரமம் பாராது விடையெழுதி அனுப்பியவரிலும் றூஸ்வெல்ட்டை வெறுத்தோரே மிகுதி. செல்வர் ஒரு பக்கமும் வறியோர் மற்றொரு பக்கமுமாக நாடு பிரிந்து நின்ற வேளையில், ஒரு பக்கத்தை மட்டும் எண்ணிக் கணக்கிட்டால் முடிவு வேறெவ்வாறு அமையும்? அதே தேர்தலில், மிகச் சிறிய தொகையினரை, ஆனால் எல்லாத் தரத்தினரையும், வினவிய ஜோர்ஜ் கலப்பின் நிறுவனம் றூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாக முன்கூறியது. ஒருவருடைய அரசியற் சார்பை அறிய, அவர் சமூகத்தில் எங்கே நிற்கிறார் என்பதை முதலில் அறிய வேண்டும் என்ற பாடத்தை இச்சம்பவம் பலருக்கும் புகட்டியது.

ஈரி மாவட்டத்து அறுநூறு பேர்

இப்பாடத்தை முறையான ஆராய்ச்சியாக வளர்த்தெடுத்தவர் போல் லாசர்ஸ்பெல்ட். வியன்னா நகரிற் பிறந்து, 1933 இல் அமெரிக்காவுக்கு வந்து, பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய சமூகவியலறிஞர் இவர். மக்கள் கடைப் பொருள்களை எவ்வாறு தெரிந்து வாங்குகின்றனர் என்பதை முன்னர் ஆராய்ந்தவர். ஒருவர் ஒரு பொருளைத் தெரிவதற்கும் ஒரு வேட்பாளரைத் தெரிவதற்கும் ஒற்றுமை உண்டா என்பதை அறிய விழைந்தார்.

1940 ஆம் ஆண்டிற் றூஸ்வெல்ட்டை எதிர்த்து வென்டல் வில்கி போட்டியிட்டார். அத்தேர்தலின்போது லாசர்ஸ்பெல்ட்டும் அவர்தம் துணைவரும் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்திற் சுமார் 600 பேரைத் தெரிந்தெடுத்து, மே மாதந் தொடங்கி நவம்பர் வரை மாதந்தோறும் சென்று வினவினர். வேறு வேறு ஆட்களைக் கேளாது அதே ஆட்களை மீண்டும் மீண்டும் கேட்டமையே இவ்வாராய்ச்சியின் புதுமை. மனம் மாறுவோர் எப்போது, எதனால் மாறுகின்றனர் என்பதை இதனாற் கண்கூடாகக் காணலாம் என அவர்கள் எண்ணினர். 'மக்களின் தெரிவு' என்னும் பொருள்படும் பெயருடன் 1944 இல் அவ்வாராய்ச்சி நூலாக வெளிவந்தது.

மனமாற்றத்தைத் தேடிச் சென்றவர்கள் கண்டது மனம் மாறாமையை! வினவப்பட்டோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர், பிரசாரம் சூடுபிடிக்கு முன்னர் மே மாதத்திலேயே தம் முடிவைச் செய்துவிட்டனர். அம்முடிவிற் கடைசிவரை நின்றனர். மே மாதத்தில் ஒரு கட்சியை நாடி நின்று, நவம்பரில் மற்றைக் கட்சிக்கு முற்றாக மாறியோர் நூற்றுக்கு 8 பேர் மாத்திரமே. இத்தனை வானொலிப் பேச்சுகளும், பத்திரிகைத் தலையங்கங்களும், மேடை முழக்கங்களும் சேர்ந்து ஈட்டிய பயன் இவ்வளவுதான்.

இதனினும் வியப்பானது அடுத்த முடிவு. செல்வநிலை, மதம், வசிக்கும் இடம் ஆகிய மூன்றை மாத்திரம் அறிந்தால், ஒருவர் எக்கட்சியை நாடுவார் என்பதைப் பெருமளவுக்கு ஊகித்துவிட முடிந்தது. வசதியுள்ள புரட்டஸ்தாந்த மதத்தவராய் நாட்டுப்புறத்தில் வாழ்ந்தவர் குடியரசுக் கட்சியை நாடினர். வசதி குறைந்த கத்தோலிக்கராய் நகரில் வாழ்ந்தவர் சனநாயகக் கட்சியை நாடினர். ஒருவர் சமூகத்தில் எவ்வாறு இருக்கிறாரோ அவ்வாறே அரசியலிலும் சிந்திக்கிறார் என்ற முடிவுக்கு ஆசிரியர்கள் வந்தனர்.

அவ்வாறாயின் பிரசாரம் வீண்தானா? அன்று என்பதே அவர்கள் தரும் விடை. புகைப்படத் தாளிற் பதிந்துள்ள உருவம் இரசாயனத் திரவத்தில் இட்ட பின்னரே புலப்படுவது போல, மனத்துள் உறங்கும் சார்பு பிரசாரத்தினால் வெளிப்படுகிறது. தயங்குவோரை அது தத்தம் கூட்டத்தாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முன்னரே முடிவு செய்தோருக்கு அம்முடிவைக் காத்துக்கொள்ளக் காரணங்களை வழங்குகிறது.

சமூகம் எவ்வாறு பேசுகிறது?

மதமும் செல்வமும் வாக்குச்சீட்டில் நேரே புள்ளடியிடுவதில்லை. அவை மனிதர் வாயிலாகவே பேசுகின்றன. ஒருவர் தம் குடும்பத்தாருடனும், தொழிற்சாலையிற் கூட உழைப்போருடனும், தேவாலயத்திற் சந்திப்போருடனுமே பெரிதும் பழகுகிறார். அவர்களோடு உண்கிறார், அவர்களிடம் பெண் கொள்கிறார், கொடுக்கிறார். அவர்களோடு நிகழும் அன்றாட உரையாடலிலேயே எது நியாயம், எவர் நம்மவர் என்ற எண்ணங்கள் உருவாகின்றன. ஈரி மாவட்டத்திற் பத்திரிகையும் வானொலியும் நேரே சாதித்ததிலும், ஆங்காங்கு அரசியலில் ஆர்வங்கொண்ட சிலர் தம் சுற்றத்தாரிடம் பேசிச் சாதித்ததே மிகுதி. இத்தகையோர் பெருமக்களிடையே மட்டுமன்றி எல்லாத் தொழிலினரிடையேயும் காணப்பட்டனர்.

இச்சார்புகளுக்குப் பின்னே வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த கத்தோலிக்க ஏழைகளை, நியூயோர்க் போன்ற நகரங்களில் வரவேற்று, வேலை தேடிக் கொடுத்து, பிரசைகளாகப் பதிவு செய்வித்தவர்கள் சனநாயகக் கட்சியின் உள்ளூர்த் தலைவர்கள். அவ்வுதவிக்கு வாக்குகளே கைம்மாறாயின. பின்னர் 1935 இற் றூஸ்வெல்ட் அரசாங்கம் தொழிற்சங்க உரிமையை உறுதி செய்யும் சட்டத்தையும், முதியோர்க்கும் வேலையற்றோர்க்கும் உதவும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையும் நிறைவேற்றியபோது, நகரத் தொழிலாளர் பலருக்கு அக்கட்சி சொந்தக் கட்சியாயிற்று. தாத்தா பெற்ற உதவியின் நன்றியைப் பேரன் வாக்காகச் செலுத்தினான் எனலாம்.

இரு பக்கமும் இழுக்கப்படுவோர் நிலை யாது? செல்வம் படைத்த கத்தோலிக்கரைச் செல்வம் ஒரு பக்கமும் மதம் மறுபக்கமும் இழுத்தன. இத்தகையோர் கடைசி வேளை வரை முடிவு செய்யாது தாமதித்தனர். சிலர் அரசியலில் ஆர்வத்தையே இழந்தனர். குடியியல் நூல் புகழும் அந்த நடுநிலை வாக்காளர், இருபுறமும் ஆழ்ந்து ஆராய்ந்து தாமதிப்பவரென்று நாம் நினைத்திருந்தோம். ஆனால், கடைசியில் முடிவெடுத்தவருட் பலர், அரசியலை மிகக் குறைவாக அறிந்தவராகவே இருந்தனர்.

1948 இல் நியூயோர்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் அதே கூட்டத்தார் மற்றுமோர் ஆராய்ச்சி நடத்தினர். ஹரி ட்றூமனும் தோமஸ் டியூயியும் போட்டியிட்ட தேர்தல் அது. டியூயியே வெல்வார் எனக் கருத்துக் கணிப்பாளர் முன்னரே முடிவுகட்டி இறுதி வாரங்களிற் கணிப்பதை நிறுத்திக்கொண்டனர். 'சிக்காகோ டிரிபியூன்' பத்திரிகை, ட்றூமன் தோற்றார் என்றே பெருந்தலைப்பிட்டு அச்சடித்தது. வென்றவர் ட்றூமன். தேர்தல் நெருங்க நெருங்க, விலைவாசி, தொழிற்சங்கம் முதலிய பழைய பிரச்சினைகள் நினைவூட்டப்பட, விலகி நின்ற சனநாயகக் கட்சியார் பலர் தம் பழைய இல்லம் திரும்பினர் என்பதை எல்மைரா ஆராய்ச்சி காட்டிற்று.

அங்கே வேறொரு விந்தையும் வெளிப்பட்டது. தாம் விரும்பும் வேட்பாளர் ஒரு பிரச்சினையில் என்ன கருத்துடையவர் எனக் கேட்டபோது, பலர் தம்முடைய கருத்தையே அவர்மேல் ஏற்றிக் கூறினர். வேட்பாளர் வெளிப்படையாக மறுத்துப் பேசிய விடயங்களிலும் இம்மயக்கம் காணப்பட்டது. அன்பு கண்ணை மறைக்கும் என்பது அரசியலிலும் மெய்யே.

கட்சி என்னும் உறவு

சமூக நிலையே வாக்கைத் தீர்மானிக்கிறது என்னும் கொள்கையில் ஒரு குறை உண்டு. ஒருவருடைய மதமும் தொழிலும் நான்காண்டுக்கு ஒருமுறை மாறுவதில்லை. தேர்தல் முடிவுகளோ மாறுகின்றன. இக்குறையை நிரப்ப முன்வந்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களான அங்கஸ் காம்பெல், பிலிப் கொன்வேர்ஸ், வாரன் மில்லர், டொனால்ட் ஸ்டோக்ஸ் ஆகிய நால்வர். ஒரு மாவட்டத்தோடு நில்லாது நாடு முழுவதிலும் மாதிரி எடுத்து, 1952, 1956 ஆம் ஆண்டுத் தேர்தல்களை ஆராய்ந்து, 1960 இல் 'அமெரிக்க வாக்காளர்' என்ற பெருநூலை அவர்கள் வெளியிட்டனர்.

இவர்கள் மக்களிடம், இத்தேர்தலில் யாருக்கு வாக்களிப்பீர் என்பதோடு, பொதுவாக உம்மை எக்கட்சியைச் சேர்ந்தவராகக் கருதுகிறீர் என்றும் கேட்டனர். இவ்விரண்டாம் வினாவே திறவுகோலாயிற்று. பெரும்பாலான அமெரிக்கருக்குக் கட்சி என்பது அங்கத்துவப் பணம் கட்டிச் சேரும் சங்கமன்று. மதத்தைப் போலவும் குலத்தைப் போலவும், நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் ஓர் உறவு. அது பெரும்பாலும் இளமையிற் பெற்றோரிடமிருந்து வருகிறது. வயது ஏற ஏற உறுதிப்படுகிறது.

ஒருவர் தம் கட்சியை விட்டு ஒருமுறை மாறி வாக்களித்தாலும் அவ்வுறவு அறுவதில்லை. 1956 இற் போர்வீரர் ஐசன்ஹோவர் குடியரசுக் கட்சி வேட்பாளராய் நின்று பெருவெற்றி பெற்றார். சனநாயகக் கட்சியார் பலரும் அவருக்கு வாக்களித்தனர். ஆனால் அதே நாளில் நடைபெற்ற தேர்தலிற் காங்கிரசின் இரு சபைகளையும் கைப்பற்றியது சனநாயகக் கட்சியே. ஐசன்ஹோவர் என்ற மனிதரை மக்கள் விரும்பினர்; ஆயினும் தங்கள் கட்சியை விட்டு நீங்கினாரல்லர்.

கட்சிப்பற்று, செய்திகளை வடிகட்டும் ஒரு திரையாகத் தொழிற்படுகிறது என்பது இவர்கள் கருத்து. தம் கட்சிக்கு உவப்பான செய்தி அத்திரையினூடே எளிதில் நுழைகிறது, உவப்பற்றது தடைப்படுகிறது. கொள்கையைக் கண்டு கட்சியைத் தெரிவோர் சிலர். கட்சியைக் கண்டு கொள்கையைத் தெரிவோர் பலர்.

வாக்காளர் கட்சிகளைப் பற்றி எவ்வகையில் எண்ணுகின்றனர் என்பதையும் நால்வர் தரம் பிரித்தனர். முழுமையான அரசியற் கோட்பாடு ஒன்றைக்கொண்டு கட்சிகளை மதிப்பிட்டோர் நூற்றுக்கு 3 பேரினும் குறைவு. அதனை ஓரளவு அணுகியோர் 9 பேர். இக்கட்சி தொழிலாளர் கட்சி, அக்கட்சி செல்வர் கட்சி என்றவாறு கூட்டங்களின் நலனைக்கொண்டு எண்ணியோர் 42 பேர். காலம் நன்றாயிருந்ததா, கெட்டுப்போயிற்றா என்பதைக்கொண்டு எண்ணியோர் 24 பேர். எஞ்சிய 22 பேருக்கு மேற்பட்டோர் கூற்றிற் கொள்கை என்று சொல்லத்தக்க எதுவுமே காணப்படவில்லை. 1956, 1958, 1960 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அதே ஆட்களை வினவிய கொன்வேர்ஸ், கொள்கைப் பிரச்சினைகளிற் பலருடைய விடைகள் முறைக்கு முறை மாறியதையும், கட்சிப்பற்று மாத்திரம் அசையாதிருந்ததையும் கண்டு 1964 இல் வெளியிட்டார்.

கட்சி பரம்பரையாக வருகிறது என்பதற்குச் சான்றும் பின்னர்க் கிடைத்தது. 1965 இல் கென்ட் ஜெனிங்ஸ், ரிச்சர்ட் நீமி ஆகிய இருவர், உயர்பாடசாலையின் இறுதி வகுப்பு மாணவரையும் அவர்தம் பெற்றோரையும் தனித்தனியே வினவினர். ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு மாணவர் பெற்றோர் நின்ற பக்கத்திலேயே நின்றனர். எதிர்க்கட்சிக்கே சென்றுவிட்டோர் நூற்றுக்கு 7 பேர் அளவினர். மற்றையோர் இடைப்பட்ட நிலையினர். குறிப்பிட்ட கொள்கைகள் பற்றிய கருத்துகளிலோ தந்தைக்கும் மகனுக்கும் இத்துணை ஒற்றுமை காணப்படவில்லை. தாய்ப்பாலோடு ஊட்டப்படுவது கட்சியின் பெயரே, அதன் கொள்கையன்று.

மதத்துக்கும் கட்சிக்கும் இடையே

சமூகப் பின்னணியும் கட்சிப்பற்றும் ஒன்றோடொன்று மோதினால் எது வெல்லும்? 1960 ஆம் ஆண்டுத் தேர்தல் இதற்கொரு சோதனைக் களமாயிற்று. சனநாயகக் கட்சி வேட்பாளர் ஜோன் கெனடி கத்தோலிக்கர். அவருக்கு முன்னர் 1928 இல் நின்ற கத்தோலிக்கரான அல் ஸ்மித் படுதோல்வியடைந்தார். சனநாயகக் கட்சியின் கோட்டையெனக் கருதப்பட்ட தென் மாநிலங்கள் சிலவும் அவரைக் கைவிட்டன. ஆதலின் கெனடி, கத்தோலிக்கர் மிகக் குறைவாக வாழ்ந்த மேற்கு வெர்ஜீனியாவிற் கட்சியின் முன்தேர்தலிற் போட்டியிட்டு வென்று காட்டினார். செப்டெம்பர் 12 ஆந் திகதி ஹூஸ்டன் நகரிற் புரட்டஸ்தாந்தப் போதகர் முன்னிலையில் தோன்றி, தம் அரசியற் கடமையிற் திருச்சபை தலையிடாது என உறுதி கூறினார்.

முடிவு என்ன? கத்தோலிக்கரில் நூற்றுக்கு 78 பேர் கெனடிக்கு வாக்களித்ததாகக் கலப் கணிப்புக் காட்டிற்று. மறுபுறம், சனநாயகக் கட்சியைச் சேர்ந்த புரட்டஸ்தாந்தருட் பலர் கெனடியைக் கைவிட்டனர். தேவாலயத்துக்கு ஒழுங்காகச் செல்வோரிடையே இவ்விலகல் மிகுதியாயும், செல்லாதோரிடையே குறைவாயும் இருந்தது. எனினும் அவர்களிலும் பெரும்பாலோர் கட்சியோடே நின்றனர். ஆறு கோடியே 80 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில், ஓரிலட்சத்துக்குச் சற்று மேலான வாக்குகளே கெனடியை முன்னிறுத்தின. மதம் வலியது, கட்சி அதனினும் சிறிது வலியதாயிருந்தது.

தென்னாட்டின் நெடும் பயணம்

கட்சிப்பற்றின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டுவது தென் மாநிலங்களின் வரலாறு. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடக்கை நடத்தியவர் குடியரசுக் கட்சித் தலைவர் லிங்கன். தோல்வியுற்ற தென்னாட்டு வெள்ளையர் அக்கட்சியைப் பகைவர் கட்சியாகவே கருதினர். அப்பகைமை தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்தைப்போல் இறங்கி வந்தது. ஜோர்ஜியா மாநிலம் 1964 வரை எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கு வெற்றியளித்ததில்லை. விடுதலை பெற்ற கறுப்பினத்தவரோ, வாக்களிக்க இயன்ற இடங்களில் லிங்கனின் கட்சியையே போற்றினர். மந்தக் காலத்தில் றூஸ்வெல்ட் அரசு செய்த உதவியினால் 1936 இல் அவர்களிற் பெரும்பான்மையோர் சனநாயகக் கட்சிக்கு மாறினர். ஆயினும் 1960 இலும் அவர்களில் மூன்றிலொரு பங்கினர் அளவில் குடியரசுக் கட்சியின் நிக்சனுக்கு வாக்களித்தனர்.

1964 இல் ஜோன்சன் அரசு குடியியல் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதனை எதிர்த்து வாக்களித்த செனட்டர் பரி கோல்ட்வாட்டர் குடியரசுக் கட்சியின் வேட்பாளரானார். அவர் வென்றவை ஆறே மாநிலங்கள்: தம் சொந்த மாநிலமாகிய அரிசோனாவும், ஆழ்தெற்கின் ஜோர்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, தென் கரோலினா ஆகிய ஐந்தும். கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் ஜோன்சனுக்கு வாக்களித்தனர். நூறாண்டுக் கால உறவுகள் ஒரே தேர்தலிற் தலைகீழாயின போலத் தோன்றிற்று.

ஆனால் வெள்ளையரின் கட்சிப்பற்று ஒரு நாளில் மாறவில்லை. ஜனாதிபதித் தேர்தலிற் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தோர், தம் ஊர்த் தேர்தலிற் பழைய கட்சிக்கே வாக்களித்து வந்தனர். ஜோர்ஜியாவிற் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஒருவர் மாநில ஆளுநராய்த் தெரிவானது 2002 இல். அலபாமாச் சட்டசபை அக்கட்சியின் வசமானது 2010 இல். அது 136 ஆண்டுகளின் பின் நிகழ்ந்த மாற்றம். கொள்கை முன்னே செல்ல, கட்சிப்பற்று ஒரு தலைமுறைக் காலம் பின்னே நடந்து சென்றது. பழைய பற்றுடையோர் மறைந்து, அப்பற்றில்லாத மக்கள் வளர்ந்து வந்த பின்னரே மாற்றம் முற்றுப்பெற்றது.

வாக்காளர் மூடரா?

இவற்றையெல்லாம் படித்தபின், வாக்காளர் சிந்தனையற்றவர் என்ற முடிவுக்கு வருவது எளிது. அவ்வெளிய முடிவை மறுத்து நின்றவர் வீ. ஓ. கீ என்னும் பேரறிஞர். தென்னாட்டு அரசியலைப் பற்றி 1949 இற் சிறந்த நூலொன்றை எழுதிய அவர், தம் இறுதி நாள்களில், 1936 முதல் 1960 வரையான தேர்தல்களின் கருத்துக் கணிப்புகளை மீண்டும் ஆராய்ந்தார். 1963 இல் அவர் மறைந்தபின், 1966 இல் அந்நூல் வெளிவந்தது.

ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்குமிடையே கட்சி மாறி வாக்களித்தோரைக் கீ தனியே பிரித்தெடுத்தார். அவர்கள் காற்றடித்த பக்கம் சாய்ந்தவரல்லர். அரசாங்கத்தின் செயல்களைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த கருத்துக்கும் மாறிய திசைக்கும் தெளிவான தொடர்பிருந்தது. மாறாது நின்றோரும் பெரும்பாலும் தம் கருத்துக்கு இசைந்த கட்சியிலேயே நின்றனர். வாக்காளர் மூடரல்லர் என்பதே கீயின் முடிவு. தலைவர்கள் தெளிவாகப் பேசினால் மக்கள் தெளிவாக விடையளிப்பர். தலைவர்கள் குழப்பினால் விடையும் குழம்பும்.

சமூகப் பின்னணியால் வாக்களிப்பதும் முற்றிலும் அறிவுக்குப் புறம்பானதன்று. சுரங்கத் தொழிலாளி ஒருவர் தம் சங்கம் காட்டும் கட்சிக்கு வாக்களிக்கிறார். ஒவ்வொரு சட்டமூலத்தையும் படிக்க அவருக்கு நேரமில்லை. தம் நலனில் அக்கறையுள்ளோர் படித்துச் சொல்வதை நம்புகிறார். இது அறியாமையா, அன்றி வேலைப்பளு மிகுந்த மனிதரின் சிக்கனமா? இவ்வினாவில் அறிஞர் இன்றும் ஒருமித்த கருத்துடையரல்லர்.

இன்றைய நிலை

1940 இல் லாசர்ஸ்பெல்ட் கண்ட மூன்று அளவைகளையும் இன்று எடுத்து நோக்கினால் வியப்பே மிஞ்சும். 2024 இற் கத்தோலிக்கரிற் பெரும்பான்மையோர் குடியரசுக் கட்சி வேட்பாளர் டொனால்ட் டிரம்புக்கே வாக்களித்தனர் எனக் கணிப்புகள் காட்டின. செல்வர், வறியர் என்ற கோட்டினும், பட்டம் பெற்றோர், பெறாதோர் என்ற கோடே வெள்ளையரிடையே ஆழமாகப் பதிந்துள்ளது; பட்டம் பெறாதோர் குடியரசுக் கட்சியை நாடுகின்றனர். நகரம், நாட்டுப்புறம் என்ற பிரிவு மட்டும் பழைய திசையிலேயே நின்று, முன்னரிலும் வலுப்பெற்றுள்ளது.

கெனடி வென்ற மேற்கு வெர்ஜீனியாவையே எடுத்துக்கொள்வோம். நிலக்கரிச் சுரங்கத் தொழிற்சங்கம் வேரூன்றிய அம்மாநிலம், 1932 முதல் 1996 வரை மூன்று தேர்தல்கள் தவிர ஏனையவற்றிற் சனநாயகக் கட்சியையே ஆதரித்தது. சுரங்கங்கள் மூடப்பட்டன, சங்கம் சுருங்கியது, கரியைக் குறைக்கும் கொள்கை தங்கள் வாழ்வைக் குலைப்பதாக மக்கள் அஞ்சினர். 2000 இல் அம்மாநிலம் மாறிற்று. 2016 இலும் 2020 இலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்குகள் டிரம்புக்குக் கிடைத்தன. மெக்சிக்கோ எல்லையில், ஏறத்தாழ முழுவதும் ஸ்பானிய வழியினர் வாழும் டெக்சஸின் ஸ்டார் மாவட்டம், 1892 இன் பின் முதன்முறையாக 2024 இற் குடியரசுக் கட்சியை ஆதரித்தது. அங்கே மக்கள் மாறவில்லை, மதம் மாறவில்லை, உறவே மாறிற்று. பின்னணிக்கும் கட்சிக்குமுள்ள பிணைப்பு இயற்கையன்று, வரலாறு கட்டிய முடிச்சு என்பதற்கு இவை சான்று. கட்டியதை அவிழ்க்கவும் கூடும்.

ஆயினும் முடிச்சு இருக்கும்வரை அதன் இறுக்கம் முன்னரிலும் மிகுந்துள்ளது. 1960 இல் தம் பிள்ளை எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரை மணப்பதை விரும்பாதோர் இரு கட்சியிலும் நூற்றுக்கு 5 பேர் அளவினரே. 2010 இல் வினவியபோது குடியரசுக் கட்சியாரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரும், சனநாயகக் கட்சியாரில் மூன்றிலொரு பங்கினரும் அத்தகைய மணத்தை வெறுத்தனர். சாதியும் மதமும் பார்த்த இடத்திற் கட்சியும் பார்க்கப்படுகிறது! நாட்டின் பொருளாதார நிலை நல்லதா, தீயதா என்ற மதிப்பீடும் ஆட்சி மாறியதும் மாறிவிடுகிறது. 2016 ஆம் ஆண்டுத் தேர்தல் முடிந்த சில நாள்களிலேயே குடியரசுக் கட்சியாரின் நம்பிக்கை உயர்ந்தது. சனநாயகக் கட்சியாரின் நம்பிக்கை தாழ்ந்தது. சந்தையில் விலையோ சம்பளமோ அச்சில நாள்களில் அவ்வளவுக்கு மாறிவிடவில்லை.

கற்றோர் இதற்கு விலக்கென எண்ணுவோர் ஒரு சோதனையைக் கவனித்தல் வேண்டும். 2003 இல் ஜெப்றி கோஹன் என்னும் உளவியலறிஞர் வெளியிட்ட ஆராய்ச்சியிற் பல்கலைக்கழக மாணவரிடம் வறியோர்க்கான உதவித் திட்டங்கள் கொடுக்கப்பட்டன. ஒன்று தாராளமானது, மற்றது மிகக் கடுமையானது. தம் கட்சி ஆதரிக்கிறது என்று கூறப்பட்ட திட்டத்தையே, அது தாராளமாயினும் கடுமையாயினும், மாணவர் ஏற்றனர். பின்னர் வினவியபோது, தம் முடிவுக்குத் திட்டத்தின் தன்மையே காரணம் என்றும், கட்சியைப் பார்த்து முடிவெடுப்போர் பிறரே என்றும் கூறினர். கல்வி, கட்சிப்பற்றை நீக்குவதற்குப் பதிலாக அதற்கு அழகிய நியாயங்களைத் தேடிக் கொடுக்கவும் வல்லது.

முடிவாக

இவ்வாராய்ச்சிகள் குடியியற் பாடத்தின் சித்திரத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. அது தொடக்கமன்று, முயன்று அடைய வேண்டிய முடிவு என்றே சொல்கின்றன. நாம் எவரும் நீதிபதியாய்ப் பிறப்பதில்லை. ஒரு குடும்பத்தில், ஒரு மதத்தில், ஓர் ஊரிற் பிறக்கிறோம். அவை நமக்குக் கண்ணையும் தருகின்றன, கண்ணாடியையும் மாட்டிவிடுகின்றன. அக்கண்ணாடியை அறவே கழற்றுதல் அரிது. ஆனால், அணிந்திருக்கிறோம் என்பதை அறிவது அரிதன்று.

எதிர்க்கட்சியார் ஒரு திட்டத்தை முன்வைக்கும்போது, இதனையே என் கட்சி முன்வைத்திருந்தால் நான் யாது கூறியிருப்பேன் என்று ஒருவர் தம்மைத்தாமே ஒருகணம் கேட்டுக்கொள்ளலாம். கோஹனின் மாணவர் கேட்கத் தவறிய வினா அதுவே. வகுப்பறையில் இவ்வொரு வினாவைக் கேட்கப் பழக்கும் ஆசிரியர், தேர்தற் சட்டங்கள் அனைத்தையும் மனனம் செய்விப்பவரிலும் மேலான குடியியற் பணி செய்தவராவர். இங்கு கண்டவை அமெரிக்க வாக்காளரைப் பற்றிய செய்திகளே எனினும், வாக்குச்சீட்டைக் கையிலேந்தும் எவரும் அவ்வினாவைத் தம் உள்ளத்தின்முன் நிறுத்திப் பார்த்தல் நன்று.